கச்சா எண்ணெய் ஏறினால் ரிக் கம்பெனிப் பங்கும் ஏறுமா?

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 54. ஆசிரியை வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். கையில் வந்த மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டித் தரும் கம்பெனிகளின் பங்குகளில் போடலாம் என்று நினைக்கிறார். யோசனை தம்பியுடையது. அவர் ஆழ்கடலில் துளையிடும் கப்பலில் வேலை பார்க்கிறார். "சும்மா நிற்கிற கப்பலே இல்லை அக்கா, இப்போ விட்டால் அப்புறம் இந்த விலைக்குக் கிடைக்காது" என்று சொல்லியிருக்கிறார். வாசகி தேடிப் படித்து டிரான்ஸ்ஓஷன், நோபிள், சீட்ரில், ஹெல்மெரிச் அண்ட் பெய்ன் என்று நான்கு பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறார்.

அவர் கணக்கு இது: கச்சா எண்ணெய் விலை ஏறும், கூடவே இவையும் ஏறும். டிரான்ஸ்ஓஷன் பங்கு ஒரு காலத்தில் 150 டாலரைத் தொட்டது, அதில் பாதிக்குத் திரும்பினாலே போதும். ஆர்டர் கையில் இருப்பதால் வருமானம் உறுதி. கம்பெனி திவாலானாலும் கப்பல்களை விற்று நமக்கு ஏதாவது தருவார்கள். இவற்றுக்கு நடுவே, தம்பியின் கப்பலுக்கு ஒரு பெரிய புது ஒப்பந்தம் வரப்போகிறது, இன்னும் அறிவிக்கவில்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

இனி உங்களிடமே பேசுகிறேன். மூன்றில் ஒரு பங்கு என்பதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். இந்தத் துறைப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சம்பளம் நின்றுவிட்ட ஒருவருக்கு, இந்த அளவுக்கு ஏறி இறங்கும் தொழிலில் அவ்வளவு பணம் தாங்காது. அதைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் தேர்வு செய்யும் வரிசை. எது அதிகம் ஏறும் என்று நான்கையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். அடுத்த மந்தகாலம் வரும்போது, கடன் கொடுத்தவர்களிடம் கம்பெனியை ஒப்படைக்காமல் எது தாண்டும் என்பதுதான் இங்கே முதல் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தம்பி சொன்ன அந்த ஒப்பந்தம்

இதை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் இதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. பங்கு விலையை அசைக்கக்கூடிய, இன்னும் வெளியில் வராத தகவலைக் கம்பெனிக்குள் இருப்பவரிடமிருந்து தெரிந்துகொண்டு வாங்குவதும் விற்பதும் பெரும்பாலான சந்தைகளில் குற்றம். சொன்னவர், கேட்டு வாங்கியவர் இருவருமே மாட்டலாம். தொகை சின்னது, குடும்பத்துக்குள் பேசிக்கொண்டது என்பதெல்லாம் பதிலாகாது. தம்பி தெரியாமல் ஆர்வத்தில் சொல்லியிருப்பார். ஆனால் அவர் வேலைக்கே அது உலை வைக்கும். அந்த ஒப்பந்தம் முறையாக அறிவிக்கப்படும் வரை அந்தக் கம்பெனிப் பங்கைத் தொடாதீர்கள். என்னைக் கேட்டால் தம்பி வேலை பார்க்கும் கம்பெனியை உங்கள் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். குடும்பத்துக்கு அவர் சம்பளமும் ஒரு துணை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கம்பெனி தடுமாறினால் சம்பளமும் முதலீடும் ஒரே மாதத்தில் போகும்.

எல்லாக் கப்பலும் ஓடுகிறது என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது சந்தைக்கும் தெரியும். இந்தக் கம்பெனிகள் எந்த ரிக் (கிணறு தோண்டும் சாதனம், கடலில் என்றால் கப்பலோ மேடையோ) எங்கே, யாருக்காக, எந்தத் தேதி வரை வேலை செய்கிறது என்று தாங்களே அறிக்கை வெளியிடுகின்றன. கப்பல் தளத்தில் நிற்பவருக்குத் தன் கப்பல் தெரியும். கம்பெனியின் கடன் எப்போது முதிர்கிறது என்பது அங்கிருந்து தெரியாது.

எண்ணெய் விலையும் ரிக் வாடகையும்

நீங்கள் வாங்க நினைக்கும் கம்பெனிகளுக்குச் சொந்தமாக எண்ணெய் இல்லை. ரிக்கையும் ஆட்களையும் நாள் வாடகைக்கு விடுவதுதான் அவர்கள் தொழில். சரக்கு விலை ஏறியதும் சரக்கின் முதலாளிக்கு லாபம் அன்றைக்கே தெரியும். லாரிக்காரருக்கு வாடகை ஏற வேண்டுமென்றால், கூடுதல் லோடு வர வேண்டும், சும்மா நிற்கிற லாரியெல்லாம் முதலில் ஓடித் தீர வேண்டும். ரிக் தொழிலும் அப்படித்தான். ஆழ்கடல் திட்டம் ஒன்று முடிவாகி, டெண்டர் விட்டு, கப்பல் போய்ச் சேர ஓரிரு வருடங்கள்கூட ஆகிவிடும்.

அந்தத் தொடர்பே இப்போது முன்னைப்போல இறுக்கமாக இல்லை என்பதையும் கவனியுங்கள். பேக்கர் ஹியூஸ் நிறுவனம் வாராவாரம் வெளியிடும் கணக்கைப் பார்த்தால், அமெரிக்காவில் 2014-ல் 1,900-க்கும் மேல் ரிக்குகள் ஓடின. 2020 ஆகஸ்டில் அது 244-க்கு விழுந்தது. அப்புறம் மீண்டது, ஆனால் பழைய இடத்துக்கு வரவே இல்லை. 2024-ல் அமெரிக்கா நாளொன்றுக்கு 1.3 கோடி பீப்பாய்க்கு மேல் எடுத்து உற்பத்தியில் சாதனை படைத்தபோது ஓடிய ரிக்குகள் ஏறக்குறைய 600 மட்டுமே. ஒரே இடத்திலிருந்து பல கிணறு, பூமிக்கடியில் பக்கவாட்டில் மைல் கணக்கில் போகும் துளை, வேகமாகத் தோண்டும் ரிக் என்று தொழில்நுட்பம் முன்னேற முன்னேற, அதே எண்ணெய்க்குக் குறைந்த ரிக் போதும் என்றாகிவிட்டது. எண்ணெய்க் கம்பெனிக்கு இது லாபம். ரிக் விடுபவர் தன் திறமையாலேயே தன் வேலை நாட்களைக் குறைத்துக்கொள்கிறார். ஹெல்மெரிச் அண்ட் பெய்ன் மாதிரியான, முக்கியமாக நிலத்தில் தோண்டும் கம்பெனியை எடைபோடும்போது இதை மறக்கவே கூடாது.

கடலிலும் ஒரு உதாரணம் சொல்கிறேன். 2024 ஜனவரியில் கச்சா எண்ணெய் பீப்பாய் 80 டாலர் பக்கம் இருந்தது, மோசமான விலை இல்லை. அந்த மாதம் சவுதி அரசு, உற்பத்தித் திறனை நாளொன்றுக்கு 1.3 கோடி பீப்பாய்க்கு உயர்த்தும் திட்டத்தை விட்டுவிட்டு 1.2 கோடியிலேயே நிற்கும்படி தன் எண்ணெய்க் கம்பெனியான அராம்கோவிடம் சொன்னது. அதையடுத்து அராம்கோ ஜாக்-அப் ரிக்குகளை ஒவ்வொன்றாக நிறுத்தி வைக்க ஆரம்பித்தது. ஆழம் குறைந்த கடலில் கால் ஊன்றி நிற்கும் ரிக்குகள் அவை. விலை சரியவில்லை, வாடிக்கையாளர் ஒருவர் மனம் மாறினார், அவ்வளவுதான். அவரை நம்பியிருந்த கம்பெனிகளின் பங்குகள் அடிவாங்கின. ஆகவே எண்ணெய் விலை ஏறும் என்ற நம்பிக்கைதான் உங்கள் ஒரே காரணம் என்றால், ரிக் கம்பெனி அதற்குச் சுற்றுவழி. எண்ணெய் எடுக்கும் பெரிய கம்பெனிகளே நேர்வழி.

150 டாலர் திரும்பி வருமா?

இந்த எண்ணம் பலருக்கும் இருக்கிறது, உங்களைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த 150 டாலரும் இன்றைய விலையும் ஒரே பொருளின் இரண்டு விலைகள் இல்லை. 2010-ல் டிரான்ஸ்ஓஷனுக்கு சுமார் 32 கோடி பங்குகள். 2024-ல் 85 கோடிக்கும் மேல். கப்பல் வாங்க, வேறு கம்பெனியைச் சேர்த்துக்கொள்ள, கடனைச் சமாளிக்க என்று புதுப் பங்குகள் வெளியிட்டுக்கொண்டே வந்தார்கள். அன்றைய மொத்த மதிப்பு அப்படியே திரும்பி வந்தாலும், ஒரு பங்குக்குக் கிடைப்பது பாதியைக்கூட எட்டாது. எந்தக் கம்பெனியின் பழைய விலையைப் பார்த்தாலும் பக்கத்திலேயே பங்கு எண்ணிக்கையையும் பாருங்கள்.

திவாலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தத் துறையில் அது அபூர்வம் இல்லை. 2020-ல் டயமண்ட் ஆஃப்ஷோர் ஏப்ரலிலும், நோபிள் ஜூலைக் கடைசியிலும், வலாரிஸ் ஆகஸ்டிலும் அமெரிக்க திவால் சட்டத்தின் சாப்டர் 11 பாதுகாப்புக்குப் போயின. சீட்ரில் இரண்டு தடவை போனது, 2017-ல் ஒருமுறை, 2021-ல் ஒருமுறை. உங்கள் நான்கு பெயர்களில் இரண்டு இந்தப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே வரிசை தெளிவானது: கப்பலை அடமானமாக வாங்கிக் கடன் கொடுத்தவர் முதலில், மற்ற கடன்பத்திரக்காரர்கள் அடுத்து, பங்குதாரர் கடைசி. கப்பல் கடைசிவரை ஓடிக்கொண்டேதான் இருக்கும், பெயர்ப் பலகைகூட மாறாது, முதலாளி மட்டும் மாறிவிடுவார். நோபிளின் பழைய பங்குகள் ரத்தாகி, பங்குதாரர்களுக்கு வாரண்ட் மட்டும் கிடைத்தது. குறிப்பிட்ட விலைக்குப் பிற்பாடு புதுப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை அது. சீட்ரிலின் இரண்டாவது சுற்றில் பழைய பங்குதாரர்களிடம் மிஞ்சியது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஏதாவது தருவார்கள் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். முழுப் பணமும் போகலாம் என்று வைத்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

இதில் உள்ள ஒரு முரண்பாட்டையும் சொல்ல வேண்டும். திவாலுக்குப் போய்வந்த நோபிளும் சீட்ரிலும் பழைய கடனில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு லேசாக வெளியே வந்தன. திவாலாகாமல் பங்குதாரர்களைக் காப்பாற்றிய டிரான்ஸ்ஓஷன், அந்தக் கடனைத் தன் தோளிலேயே சுமந்துகொண்டு வந்தது. ஆகவே பழைய வரலாற்றை மட்டும் வைத்து இது நல்ல கம்பெனி, அது கெட்ட கம்பெனி என்று பிரிக்க முடியாது. வாங்கும் நாளில் கடன் எவ்வளவு, எந்த வருடம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதுதான் பேச வேண்டும்.

கடன் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு கம்பெனிகள், இரண்டின் பங்குகளுக்கும் சந்தை மதிப்பு 300 கோடி டாலர். முதலாவதுக்கு 600 கோடி கடன், இரண்டாவதுக்கு 50 கோடி. பங்கு மதிப்பும் கடனும் சேர்ந்ததுதான் கப்பல்களின் மதிப்பு என்று கொள்வோம். கப்பல்களின் மதிப்பு 20 சதவீதம் இறங்குகிறது என்று வையுங்கள். முதலாவதில் 900 கோடி 720 ஆகிறது, கடன் போக மிச்சம் 120 கோடி. பங்குதாரர் 60 சதவீதம் இழக்கிறார். இரண்டாவதில் 350 கோடி 280 ஆகிறது, மிச்சம் 230 கோடி. இழப்பு சுமார் 23 சதவீதம். ஏறும்போதும் இதே விகிதத்தில் ஏறும், அதனால்தான் கடன் மிகுந்த பங்கு நல்ல காலத்தில் அவ்வளவு கவர்ச்சியாகத் தெரிகிறது. ஆனால் நல்ல காலம் வரும்வரை தாக்குப்பிடித்தால்தானே.

ஆர்டர் புத்தகத்தைப் படிக்கும் விதம்

ஒப்பந்தம் கையில் இருப்பது நல்லதுதான், அதை உறுதி வருமானம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனியின் இணையதளத்தில், முதலீட்டாளர்களுக்கான பக்கத்தில், ரிக் நிலவர அறிக்கை இருக்கும். பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறை வரும். சில பக்கங்கள்தான். ஒவ்வொரு வரியிலும் ரிக்கின் பெயர், கட்டிய ஆண்டு, எத்தனை அடி ஆழக் கடலில் தோண்ட முடியும், இப்போது எந்த நாட்டில், யாருக்கு வேலை, தொடங்கும் மாதம், முடியும் மாதம், நாள் வாடகை. ஒரு பேப்பரில் முடியும் மாதங்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். அடுத்த பன்னிரண்டு மாதங்களில் பாதிக் கப்பல்களின் ஒப்பந்தம் முடிகிறது என்றால், இன்று அத்தனையும் ஓடுகிறது என்பதில் பெரிய ஆறுதல் இல்லை. முடிகிற ஒப்பந்தத்தின் வாடகை என்ன, சமீபத்தில் அதே ரகக் கப்பல் என்ன வாடகைக்குப் போயிருக்கிறது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். புதிய வாடகை கூடுதலா குறைவா என்பதில் அடுத்த வருட லாபம் தெரிந்துவிடும்.

இந்த வாடகை எந்த அளவுக்கு ஆடும் தெரியுமா? 2013 வாக்கில் நல்ல துளையிடும் கப்பல் ஒன்று நாளொன்றுக்கு 6 லட்சம் டாலர் வரை வாங்கியது. அதற்கப்புறம் வந்த மந்தத்தில் 2 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 2023, 2024-ல் திரும்பவும் 5 லட்சம் பக்கம் வந்தது. செலவு அப்படி இறங்காது. ஆள், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். கணக்குக்கு நாள் செலவு 1.7 லட்சம் என்று வையுங்கள். 4.5 லட்சம் வாடகையில் மிச்சம் 2.8 லட்சம். வாடகை மூன்றில் ஒரு பங்கு குறைந்து 3 லட்சம் ஆனால் மிச்சம் 1.3 லட்சம். மூன்றில் ஒரு பங்கு சரிவு, மிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது. வட்டி இன்னும் கட்டவில்லை. உச்சத்தில் இருக்கும் லாபத்தை வைத்து பி.இ. விகிதம் (ஒரு பங்குக்கான லாபத்தைப் போல எத்தனை மடங்கு பங்கின் விலை என்ற கணக்கு) குறைவு, பங்கு மலிவு என்று முடிவு கட்டினால் ஏமாறுவது இதனால்தான்.

ஒப்பந்தத்தை வாடிக்கையாளர் நடுவில் முறிக்க முடியுமா, முறித்தால் இழப்பீடு உண்டா, தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் உரிமை இருக்கிறதா என்பதை ஆண்டறிக்கையின் ஆபத்துகள் பகுதியில் தேடுங்கள். நீட்டிப்பு வாய்ப்பு என்று எழுதியிருப்பது பெரும்பாலும் வாடிக்கையாளருக்கு உள்ள வசதி, கம்பெனிக்கு உறுதி கிடையாது. சும்மா நிற்கும் ரிக்குகளையும் எண்ணுங்கள். வருடக்கணக்கில் அணைத்துப் போட்ட கப்பலைத் திரும்ப வேலைக்குக் கொண்டுவர 10 கோடி டாலருக்கு மேல்கூட ஆகும். கணக்குப் புத்தகத்தில் சொத்தாக நிற்கும் பல பழைய கப்பல்கள் கடைசியில் உடைக்கத்தான் போகின்றன.

உங்கள் நான்கு பெயர்கள்

டிரான்ஸ்ஓஷனிடம் சிறந்த கப்பல்கள் சில இருக்கின்றன. 20,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 20,000 பவுண்ட்) அழுத்தம் தாங்கும் கருவியோடு வந்த டீப்வாட்டர் டைட்டன் அவர்களுடையது. இருந்தாலும் கடன் காரணமாக அதை உங்கள் நிலைமைக்கு நான் சொல்லமாட்டேன். நோபிள், 2022-ல் மார்ஸ்க் டிரில்லிங்கையும் 2024-ல் டயமண்ட் ஆஃப்ஷோரையும் சேர்த்துக்கொண்டு பெரிதாகியிருக்கிறது. சேர்க்கும்போது வந்த கடனையும் பாருங்கள். சீட்ரில் சிறியது, ஓரிரு கப்பல் சும்மா நின்றாலே கணக்கில் தெரியும். ஹெல்மெரிச் அண்ட் பெய்ன் நிலத்தில் நல்ல பெயரெடுத்த பழைய கம்பெனி, கடன் குறைவு என்பதற்காகவே பலர் விரும்பியது. ஆனால் 2025 ஜனவரியில் கேசிஏ டாய்டாக் கம்பெனியைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியதால் அந்த நிலைமை மாறிவிட்டது. ஈவுத்தொகைக்காக அதைக் குறித்து வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. பல பத்தாண்டுகள் விடாமல் ஈவுத்தொகையை உயர்த்தி வந்த கம்பெனி அது, 2020-ல் காலாண்டுக்கு 71 சென்ட் என்பதை 25 சென்டாகக் குறைத்தது. மாதச் செலவுக்கு இந்தத் துறையின் ஈவுத்தொகையை நம்பாதீர்கள்.

ஒரே கம்பெனியில் போடலாமா என்றால், கூடாது. விபத்து என்று ஒன்று இருக்கிறது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்தார்கள். கிணறு பிபி-யுடையது, ரிக் டிரான்ஸ்ஓஷனுடையது. அமெரிக்க அரசுக்கு மட்டும் 140 கோடி டாலர் கட்ட 2013-ல் டிரான்ஸ்ஓஷன் ஒப்புக்கொண்டது. எந்த அறிக்கையைப் படித்தாலும் இப்படி ஒன்றை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தேர்ந்தெடுக்கும் தலைவலி வேண்டாம் என்றால் எண்ணெய்ச் சேவைத் துறை இடிஎஃப், அதாவது பல கம்பெனிப் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும், ஒரு பங்கு போலவே சந்தையில் வாங்கக்கூடிய நிதி, இருக்கிறது. ஆனால் வான்எக் நிறுவனத்தின் ஓஐஎச் போன்றவற்றில் எஸ்எல்பி, ஹாலிபர்ட்டன், பேக்கர் ஹியூஸ் ஆகிய பெரிய சேவைக் கம்பெனிகளுக்குத்தான் பெரும் பங்கு, ரிக் வாடகைக்கு விடுபவர்களுக்குக் குறைவு. என் பார்வையில் உங்களுக்கு அது குறையே இல்லை, தனிக் கம்பெனியைவிட அதுவே பொருத்தம்.

எவ்வளவு, எப்படி

மொத்தச் சேமிப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதுவும் ஐந்து வருடம் தேவைப்படாத பணம். மூன்று, நான்கு தவணையாகப் பிரித்து, ஒவ்வொரு காலாண்டு முடிவையும் படித்த பிறகு ஒரு தவணை போடுங்கள். வெளியில் கடன் வாங்கியோ, புரோக்கரிடம் மார்ஜின் (பங்கு வாங்க அவர் தரும் கடன்) எடுத்தோ ஒரு பங்கும் வேண்டாம். வெளிநாட்டுச் சந்தையில் வாங்குவதாக இருந்தால் ஈவுத்தொகையில் அங்கே பிடிக்கும் வரி, நாணய மாற்று, உங்கள் நாட்டு வரிக்கணக்கில் எப்படிக் காட்ட வேண்டும் என்பதை வாங்கும் முன்பே வரி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

விற்கும் காரணங்களையும் வாங்கும் நாளிலேயே எழுதி வைக்கச் சொல்கிறேன், ஏனென்றால் விலை சரியும்போது மனம் புதுப்புதுச் சமாதானம் கண்டுபிடிக்கும். கம்பெனி புதிதாகக் கப்பல் கட்ட ஆர்டர் கொடுத்தால், அடுத்த இரண்டு வருடங்களில் முதிரும் கடன் கையிருப்பைவிட அதிகமானால், அடுத்தடுத்த இரண்டு அறிக்கைகளில் புதிய ஒப்பந்தங்கள் பழைய வாடகையைவிடக் குறைவாகவே வந்தால், அன்றைய விலை லாபமா நஷ்டமா என்று பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள். தம்பியின் கம்பெனியை எடுத்துவிட்டால் பட்டியலில் மூன்று பெயர் மிஞ்சும். அந்த மூன்றின் கடன் முதிர்வு அட்டவணையையும் ரிக் நிலவர அறிக்கையையும் நான் சொன்ன மாதிரி ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். அப்புறமும் குழப்பம் இருந்தால் அந்தத் தாளோடு எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.